43 இன்ச் டிவி வாங்குறீங்களா? பக்கத்துல இருக்கிற செ.மீ.யையும் பாருங்க!

ஆன்லைன் சேலில் டிவி தேடியிருந்தால் கவனித்திருப்பீங்க: ‘108 செ.மீ. (43 இன்ச்)’ என்று போட்டிருக்கும். நம்மில் பலர் 43-ஐ மட்டும் பார்த்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவோம். ஆனால், சட்டம் கேட்பது அந்த 108-ஐத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1956-ல் எடை, அளவுகளுக்குச் சட்டம் கொண்டுவந்து இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அதன் 11-வது பிரிவின்படி விலைப்பட்டியல், பில், விளம்பரம், பாக்கெட்டில் போடும் நிகர அளவு என எல்லாமே கிராம், லிட்டர், மீட்டர் போன்ற நிலையான அலகுகளில்தான் இருக்க வேண்டும். இன்ச், அவுன்ஸ் என்று மட்டும் போட்டு விற்கக் கூடாது.

இதனால் நமக்கு என்ன?

ஒரு இன்ச் என்பது 2.54 செ.மீ. அப்படியென்றால் 43 இன்ச்சுக்கு 109.22 செ.மீ. வரணும். ஆனால், பல மாடல்களில் 108தான் இருக்கும். அதாவது, 42.5 இன்ச். அதை 43 என்று முழு எண்ணாக்கி விற்கிறார்கள்.

டிவியில் இது சின்ன வித்தியாசம்தான். ஏசியில் அப்படி இல்லை. ‘ஒரு டன்’ என்றால் சுமார் 3,517 வாட் குளிரூட்டும் திறன், 1.5 டன்னுக்கு 5,275 வாட். ஆனால், ‘1.5 டன்’ என்று விற்கப்படும் சில மாடல்களின் ஸ்டார் லேபிளைப் பார்த்தால் 5,000 வாட்டுக்கும் கீழே இருக்கும். உதாரணத்துக்கு, 4,800 வாட் என்றால் அது சுமார் 1.36 டன்தான், 9% குறைவு. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ரூமில் மே மாதம் இந்த 9% நன்றாகவே தெரியும்.

என்ன செய்யலாம்?

ஒரே விலையில் இரண்டு ‘1.5 டன்’ ஏசி இருந்தால், ஸ்டார்களோடு வாட் எண்ணையும் ஒப்பிடுங்க. டிவிக்கு செ.மீ.யைப் பாருங்க. ஆர்டர் போடும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. வந்த பொருளில் அளவு மாறியிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யும்போது அது கைகொடுக்கும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. நகைக்கடையில் சவரன் கணக்கில் பேசினாலும், பில்லில் கிராமைச் சரிபார்க்காமல் யாராவது காசு கொடுப்போமா?