கார்பன் ஃபிரேமும் நம் வர்ணக்காரரும்

சென்னையில் 1949-ல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், எங்கள் விருதுநகர் ஜில்லாவின் மல்லாங்கிணறு முதலிய ஊர்களுக்கெல்லாம் கொண்டுசேர்த்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை உப்புத்தாளால் தேய்த்து, எனாமல் பூசி, மெல்லிய தூரிகையால் பொன்கோடு இழுத்துப் பொலிவூட்டிய வர்ணக்காரர்களின் கைத்திறனை நான் மரியாதையோடு போற்றுகிறவன். ஆயினும் அதே நிறுவனம் மான்ட்ரா என்ற பெயரில் கார்பன் ஃபிரேம் வண்டிகளையும் விற்கத் தொடங்கிய பிறகு, பழைய முறைகளையே இவற்றுக்கும் பிரயோகிப்பது அபாயகரமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கார்பன் இழைகளைப் பிணைத்திருப்பது எபாக்சி என்னும் பிசின். பெயிண்ட் உரிக்கும் ரசாயனத் திரவம் பழைய வர்ணத்தோடு அந்தப் பிசினையும் அரித்துவிடும். பவுடர் கோட்டிங் அடுப்பின் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பமோ, இரும்புக்கு ஹிதமாயினும், சாதாரணக் கார்பன் ஃபிரேமைப் பலவீனப்படுத்திவிடும். ஆதலால் ஈரம் செய்த உப்புத்தாளால் மேல்பூச்சை மட்டும் பொறுமையாகத் தேய்த்து, இழை தென்படுமுன் நிறுத்தி, பிரைமர், வர்ணம், புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் என்று மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவதே முறை. கந்தக பூமி என்றே பெயரெடுத்த நம் சீமையின் வெயிலில் அந்தக் கடைசிப் பூச்சில் சிக்கனம் கூடவே கூடாது.

தேய்க்கையில் கிளம்பும் தூசியும், ஸ்பிரே புகையிலுள்ள ஐசோசயனேட் என்னும் ரசாயனமும் நுரையீரலைக் கெடுப்பவை. வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அந்த வேலையில் இறங்குவோரை நினைத்தால் மனம் பதறுகிறது. ரசாயனத்தின் குணமறிந்து நடப்பதன் அவசியத்தைப் பட்டாசு ஆலைகளின் உயிர்ப்பலிகள் வாயிலாக உணர்ந்த ஜில்லா இது. இங்குள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் கார்பன் ஃபிரேமுக்கு வர்ணம் பூசும் இவ்வித்தையை, முகக்கவசப் பயிற்சியோடு, ஒரு பாடமாகச் சேர்க்க அரசாங்கம் முன்வர வேண்டும்.