நம்ம ஏரியா: காற்றுக்கு மார்க் போடுவது யார்?

"ஏண்டி, இன்னிக்குக் காத்து எப்படி இருக்கு?"

காலை ஐந்தரை மணிக்கு என் பாட்டி கேட்கிற முதல் கேள்வி இதுதான். பால் பாக்கெட் வந்ததா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. பாட்டிக்கு வயது 74. பத்து வருடமாக வீசிங் தொல்லை. போன போகியன்று விடியற்காலையில் தெருமுனையில் யாரோ பழைய டயரைக் கொளுத்திவிட்டார்கள். பொழுது விடிவதற்குள் பாட்டிக்கு மூச்சிரைப்பு வந்து, நெபுலைசர் வைக்க ஆட்டோ பிடித்து ஓடினோம். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தக் கேள்வி. காற்று சரியாக இருந்தால் மெரினா வரை நடை. இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே விஷ்ணு சகஸ்ரநாமம்.

நானும் தினமும் போனைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுவேன். போன வாரம் வசமாக மாட்டிக்கொண்டேன். என் ஆப் 72 என்றது. அம்மா போனில் இருக்கும் வேறொரு ஆப் 119 என்றது.

பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாள்: "ஒரே வீடு, ஒரே காத்து... அதுக்கு ரெண்டு மார்க்கா? யாருடி இதைப் போடறா?"

நியாயமான கேள்வி. விசாரித்து, படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன்.

72-ம் சரி, 119-ம் சரி!

நாம் போனில் பார்ப்பது காற்றுத் தரக் குறியீடு. ஏ.க்யூ.ஐ என்று சொன்னால் பலருக்குத் தெரியும். இந்தியாவுக்கான குறியீடு 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு என 8 மாசுப் பொருள்களை இதற்குக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மார்க் போட்டு, அதில் மிக மோசமானது எதுவோ அதையே மொத்த மார்க்காக அறிவிப்பார்கள்.

பரீட்சை மார்க் மாதிரி நினைத்துவிடாதீர்கள். இதில் குறைவாக வாங்கினால்தான் நல்லது. 50 வரை நல்ல காற்று. 100 வரை பரவாயில்லை. 200 வரை சுமார், ஆஸ்துமாக்காரர்களுக்குச் சிரமம். அதற்கு மேல் போகப் போக எல்லோருக்குமே ஆகாது. 401-லிருந்து 500 வரை மிகக் கடுமையான நிலை.

சென்னை மாதிரி ஊரில் அதிகம் பேசப்படுவது பி.எம் 2.5 என்கிற நுண்துகள். நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியும் சளியும் தடுக்க முடியாமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

இந்தத் துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால், இந்தியக் கணக்கில் மார்க் 100. அதே காற்றுக்கு அமெரிக்கக் கணக்கு 150-க்கு மேல் போடும். சில ஆப்கள் இந்தியக் கணக்கைக் காட்டுகின்றன, சில அமெரிக்கக் கணக்கைக் காட்டுகின்றன. போதாததற்கு, ஒன்று 24 மணி நேர சராசரியைச் சொல்லும். இன்னொன்று இந்த நிமிடத்து நிலவரத்தைச் சொல்லும். எங்கள் வீட்டில் ஒரே காற்றுக்கு 72-ம் 119-ம் வந்தது இப்படித்தான்.

அடுத்து ஒரு விஷயம் கவனித்தேன். என் ஆப்பில் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஆலந்தூர்' என்று இருந்தது. அதாவது, இத்தனை நாள் நான் பாட்டிக்குச் சொன்னது பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆலந்தூர் பஸ் டெப்போ பக்கத்துக் காற்றின் நிலவரம்! பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மொட்டை மாடிக்கு ஏறும் மனிதர்

சரி, அந்த எண்ணை எடுப்பது யார்?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் தொடங்கியது. கிண்டியில் தலைமை அலுவலகம். காற்றை அளக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, கையால் செய்வது. கட்டடத்தின் மாடியில் ஒரு கருவி இருக்கும். மோட்டார் காற்றை உள்ளே இழுக்க, தூசி ஒரு வடிதாளில் படியும். அந்தத் தாளை முன்கூட்டியே ஆய்வகத்தில் ஈரம் போக வைத்து, நுட்பமான தராசில் எடை போட்டிருப்பார்கள். ஓடி முடிந்ததும் எடுத்துவந்து மறுபடி எடை போடுவார்கள். கூடியிருக்கும் எடைதான் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த தூசி. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 24 மணி நேரம், வருடத்துக்கு 104 முறை இப்படி அளக்க வேண்டும் என்பது தேசிய அளவிலான கண்காணிப்புத் திட்டத்தின் விதி.

யோசித்துப் பாருங்கள். வெயிலானாலும் தூறலானாலும் ஒருவர் மாடி ஏற வேண்டும். தாளை விரலால் அழுத்தித் தொட்டுவிட்டால் எடை மாறும். மடிந்தால், கிழிந்தால் அன்றைய வேலை வீண். எந்த நேரத்தில் மாட்டினோம், எந்த நேரத்தில் எடுத்தோம், எவ்வளவு காற்று உள்ளே போனது என்று ஒவ்வொன்றையும் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, தானியங்கி நிலையம். ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் இருக்கிறது. கருவி ராப்பகலாகத் தானே அளந்து எண்ணை அனுப்பிவிடும். நாம் போனில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். தானியங்கி என்பதற்காக ஆள் வேண்டாம் என்றில்லை. காற்று நுழையும் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். கருவி காட்டும் அளவு சரியா என்று, அளவு தெரிந்த வாயுவை உள்ளே விட்டுச் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டால், கருவி தப்பான எண்ணையும் அதே தைரியத்தோடு காட்டிக்கொண்டே இருக்கும்.

போகி வந்தால் இவர்களுக்கு வேலை கூடிவிடும். போகிக்கு முன்பு ஒரு தடவை, போகியன்று ஒரு தடவை என்று மாநகராட்சி மண்டலம் மண்டலமாக அளந்து வாரியம் ஒப்பிட்டு வெளியிடும். 2018-ல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களே தடுமாறியது நினைவிருக்கலாம். நாம் தெருவில் பழையதைக் கொளுத்தும் அதே விடியற்காலையில், அந்தப் புகைக்குள் கருவியோடு சிலர் வேலையில் இருக்கிறார்கள்.

வானிலைக்காரர்களுக்காவது ஒரு முகம் உண்டு. 'ரமணன் சார் டிவியில வந்தா லீவு' என்று குதித்த தலைமுறை நான். காற்றை அளப்பவர்களின் முகம் யாருக்கும் தெரியாது.

விடியற்காலைக் காற்று சுத்தமா?

பாட்டிக்கு ஒரு நம்பிக்கை. ஐந்தரை மணிக் காற்றுதான் உலகத்திலேயே சுத்தமான காற்று என்று.

அதே நேரத்தில் மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை ஒரு பலூனைப் பறக்கவிடுகிறது. அதன் அடியில் தொங்கும் சிறு கருவி வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் அளந்து ரேடியோவில் அனுப்பிக்கொண்டே மேலே போகும். சுமார் 30 கிலோமீட்டர் உயரம் வரைகூடப் போய் வெடித்துவிடும். காலை 5.30, மாலை 5.30 நிலவரத்துக்காக உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் இப்படிப் பலூன்கள் பறக்கின்றன.

மேலே போகப் போகக் குளிர வேண்டும். அதுதான் வழக்கம். ஆனால், மார்கழி, தை மாத விடியலில் தரை குளிர்ந்துவிடும்; அதற்குச் சற்று மேலே இருக்கும் காற்று கதகதப்பாக இருக்கும். இந்த நிலை பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. கீழே கிளம்பும் புகை மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு உயரத்திலேயே நிற்கும். அந்த நேரத்தில் கடல்காற்றும் வராது. இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதுதான் வழக்கம். வெயில் ஏறி, மூடி கலைந்து, கடல்காற்று உள்ளே வந்தால்தான் புகை நகரும்.

அதனால் குளிர்காலத்தில் வீசிங் உள்ளவர்கள் வெயில் வந்த பிறகு நடப்பது நல்லது.

நம்ம ஏரியாவில் படித்த அன்னா மணி

இதையெல்லாம் படிக்கும்போதுதான் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அன்னா மணி. 1918-ல் கேரளத்தின் பீருமேட்டில் பிறந்தவர். படித்தது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். கடற்கரை எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரி! 1939-ல் அங்கே பட்டம் முடித்தார்.

பிறகு பெங்களூரில் சர் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளியை ஆராய்ந்து ஆய்வேடு எழுதினார். 1945-ல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. முதுகலைப் பட்டம் இல்லை என்பதால் டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் அதற்காக உட்கார்ந்துவிடவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-ல் திரும்பி வந்து, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அப்போது சாதாரணக் கருவியைக்கூட வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். சுமார் 100 வகை வானிலைக் கருவிகளை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களை அவர் குழு தரப்படுத்தியது. 1957-58-ல் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல இடங்களில் அமைத்தார். 1960-களில், பலூனில் கட்டி ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976-ல் ஓய்வு பெற்றார். 2001-ல் மறைந்தார்.

ஒரு விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பு. தப்பாக அளப்பதற்கு அளக்காமலேயே இருக்கலாம் என்பது அவர் கொள்கை. எங்கள் வீட்டில் ஆலந்தூர் எண்ணை நம்பி நடந்த கதையை நினைத்தால், அது எவ்வளவு சரி என்று புரிகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது நான்கு

1. எண்ணுக்குக் கீழே எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது?

2. எத்தனை மணிக்கு எடுத்த அளவு? நேற்றையதையே காட்டிக்கொண்டிருக்கிறதா?

3. இந்தியக் கணக்கா, அமெரிக்கக் கணக்கா? ஆப்பின் செட்டிங்ஸில் பெரும்பாலும் இருக்கும். எதுவானாலும் தினமும் ஒரே ஆப்பைப் பாருங்கள்.

4. உங்கள் தெருவில் குப்பை எரிகிறதா? எந்த நிலையத்துக்கும் அது தெரியாது. உங்கள் மூக்கை நம்பி, ஜன்னலைச் சாத்துங்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். டாக்டர் சொன்ன மருந்தை 'இன்னிக்குக் காத்து நல்லாருக்கே' என்று நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் கேள்வி மாறிவிட்டது. "எந்த ஸ்டேஷன்? எத்தனை மணிக்கு எடுத்தது?" என்றுதான் பாட்டி ஆரம்பிக்கிறாள். நடையும் ஏழரை மணிக்கு மாறிவிட்டது.

நேற்று நானும் கூடப் போனேன். மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டும்போது பாட்டி கொஞ்சம் நின்றாள்.

"அந்தப் பொண்ணு இங்கதானே படிச்சா?"

"ஆமாம் பாட்டி."

"சரி, வர்ற போகிக்கு முன்னாடி நம்ம தெருவுல வீடு வீடாப் போய்ச் சொல்லணும். டயர் கொளுத்தப்படாதுன்னு. நீயும் வா."

போகிறேன். நீங்களும் உங்கள் தெருவில் சொல்லுங்களேன்!