பொத்தானை அழுத்துவதா திறமை?

தொடக்கப் பள்ளி ஸ்மார்ட் வகுப்பறைகள் பலன் தராததற்கு ஆசிரியர்களுக்குக் கணினி தெரியாததே காரணம்; பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை; காரணங்கள் மூன்று.

ஒன்று: தினமும் செயலியில் வருகைப்பதிவு செய்வது யார்? அதே ஆசிரியர்கள்தான்.

இரண்டு: பெரு நாட்டில் குழந்தைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. குழந்தைகள் கருவியைக் கையாளக் கற்றிருந்தார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் இல்லை. கருவி தெரிந்தால் போதுமென்றால் இது எப்படி நடந்தது?

மூன்று, முக்கியமானது: 52-இல் 18 போனால் 46 என்று ஒரு குழந்தை எழுதுகிறது. எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அந்தக் குழப்பத்துக்கேற்ற காணொளியைத் தேர்ந்து, சரியான இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பதுதான் திறமை. ஐந்து வகுப்புகளை இரண்டே ஆசிரியர்கள் சுமக்கும் பள்ளியில் அதற்கு நேரம் எங்கே? அவர்கள் சொல்லும் பயிற்சியில் இது எந்த நாளில் வருகிறது?