சண்டை நடந்த இடத்துக்குச் சுற்றுலா போகலாமா?



"இந்த ஆண்டு கல்விச் சுற்றுலா எங்கே போகலாம்?" என்று சென்ற இதழில் கேட்டிருந்தார்கள். ஏலகிரி என்று நிறையப் பேர் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மலையிலேயே பிறந்து மலையிலேயே இருக்குற நமக்கு இன்னொரு மலை எதுக்கு? (அங்கே படகு விடுறாங்களாம்!) என்னுடைய கருத்து வேறு. நம்ம ஜவ்வாது மலைக்குக் கீழேயே பெரிய போர்கள் நடந்த இடங்கள் இருக்கு. அங்கே போகணும். ஆனா சும்மா போய் நின்னுட்டு வரக்கூடாது. யார் செத்தாங்க, எதுக்காகச் செத்தாங்கன்னு எடுத்துச் சொல்ல ஆள் வேணும்.

முதலில் செங்கம். நம்ம மலையில் பொறக்குற செய்யாறு அந்த வழியாத்தான் ஓடுது. 1767 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் செங்கம் கணவாயில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து ஆங்கிலேயப் படையைத் தாக்கினார்கள். ஆங்கிலேயப் படைக்குத் தலைவர் கர்னல் ஸ்மித். சண்டையில் ஸ்மித் படை தோற்கவில்லை. ஆனால் அவர்களுடைய அரிசி கொள்ளை போய்விட்டது. ஜெயிச்சவங்க பட்டினியோட திருவண்ணாமலைக்கு ஓட்டமும் நடையுமாப் போனாங்க! அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் மறுபடியும் பெரிய போர். அதில் ஹைதரும் நிஜாமும் பின்வாங்கினார்கள். நம்ம பாடத்தில் இதெல்லாம் "முதல் மைசூர்ப் போர், 1767 – 1769" என்று ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குள்ள நம்ம பக்கத்து ஊர் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

ஸ்மித் படையில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. பெரும்பகுதி நம்ம நாட்டுச் சிப்பாய்கள்தான். ஹைதர் படையிலும் நம்ம நாட்டு ஆட்கள்தான். ரெண்டு பக்கமும் செத்தது யாரு வீட்டுப் பிள்ளைங்க? கர்னல் பெயர் புத்தகத்தில் இருக்கு. அவங்க பெயர் இல்லை. கிருஷ்ணகிரி – பாண்டிச்சேரி ரோட்டில் எத்தனை பஸ் போகுது! அந்த பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன். போர் நடந்த இடம் என்று ஒரு போர்டுகூட என் கண்ணில் படவில்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தி, "அங்க என்னடி இருக்கு பாக்க? வெறும் கழனிதானே" என்றாள். நல்ல கேள்வி. அதனாலதான் வழிகாட்டி வேணும்னு சொல்றேன். அருவின்னா கண்ணுக்குத் தெரியும். போர்க்களம் அப்படி இல்லை, யாராவது சொன்னாத்தான் தெரியும். பெல்ஜியம் நாட்டில் வாட்டர்லூ என்ற இடமும் வயல்வெளிதான். 1815இல் நெப்போலியன் தோற்றது அங்கேதான். அந்த வயலுக்கு நடுவே மண்ணைக் குவிச்சு ஒரு மேடு கட்டி, உச்சியில் சிங்கம் சிலை வைத்திருக்கிறார்கள். 226 படி ஏறிப் போய்ப் பார்க்கணும். நம்ம நாட்டிலும் 2025 ஜனவரியில் 'பாரத் ரணபூமி தர்ஷன்' என்று ஆரம்பித்தார்கள். கார்கில், கல்வான், சியாச்சின் மாதிரி இடங்களை மக்கள் போய்ப் பார்ப்பதற்கான திட்டம் அது. காஷ்மீர் எல்லைவரை போக நம்மால் முடியாது. செங்கத்துக்கு வேன் போகும்.

ஆனா வழிகாட்டின்னு யாரோ ஒருத்தர் இருந்தாப் போதுமா? போன வருஷம் வேலூர் கோட்டைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? கூட வந்து விளக்கம் சொன்னவர் அகழியில் முதலை இருந்த கதையைத்தான் அதிக நேரம் சொன்னார். இப்பவும் கேட்டுப் பாருங்க, எல்லாரும் முதலையைத்தான் சொல்லுவாங்க. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியும் முன்னே அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் குறி வைக்கக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புதுமாதிரி தலைப்பாகைதான் போடணும் என்று உத்தரவு போட்டது ஒரு காரணம். நூறுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைப் பிடித்துவிட்டார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டார்கள். 1998இல் அரசாங்கம் நினைவுத் தூண் கட்டியிருக்கிறது, அது நல்ல காரியம். ஆனா அந்தச் சுவர் எங்கேன்னு நமக்கு யாரும் காட்டவே இல்லையே.

சொல்பவர் யார் என்பதும் முக்கியம். இலங்கையில் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. எத்தனையோ ஆயிரம் தமிழ் மக்கள் செத்த பூமி அது. பிறகு தெற்கேயிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து, புதுக்குடியிருப்பில் பிரபாகரனுடைய நிலத்தடி பங்கரைச் சுற்றிப் பார்த்தார்கள். விளக்கம் சொன்னது ராணுவத்துக்காரர்கள். 2013இல் ராணுவமே அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. ஜெயிச்சவங்க மட்டும் பேசிக்கிட்டே போனா, அங்கேயே வீடு வாசல் இழந்து நிற்கிற ஜனங்க என்ன நினைப்பாங்க? அப்படிப்பட்ட சுற்றுலாவுக்கு நான் வரமாட்டேன்.

சரி, நல்ல வழிகாட்டி எப்படி இருக்கணும்? நம்ம வேடியப்பனைப் பாருங்க. இந்தப் பக்கம் வேடியப்பன்னு பொங்கல் வெச்சு, கோழி அறுத்துக் கும்பிடுறது பல இடத்தில் நடுகல்தான். சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். செங்கம் பக்கம் கிடைத்த நடுகற்களை எல்லாம் சேர்த்து 1972இல் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவர் காலம், அதாவது சுமார் 1400 வருஷத்துக்கு முந்தையது. கருந்தேவக்கத்தி என்பவர் தன்னுடைய எருமைகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். அவருடைய நாய் ரெண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது. கல்லில் அந்த நாயின் உருவமும் இருக்கு, பெயரும் இருக்கு. கோவிவன்!

மாடு மேய்க்கப் போகும் நம்ம அண்ணன்மார் கூடவும் நாய் போகுதே, அதே மாதிரி. ராஜாவுக்காக இல்லை, எருமைக்காகப் போட்ட சண்டை. ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் கல்லில் வெட்டி வைத்தார்கள். வேலூரில் சுவரோரம் நிற்க வைத்த நூறு பேருக்கு ஏன் அதைச் செய்ய முடியவில்லை?

"கொலை நடந்த இடத்தைப் பாத்து என்ன பிள்ளே ஆகப்போகுது, பயந்துக்குவீங்க" என்று எங்க ஆயா சொல்லுது. ஆனா ஆடி மாசம் வேடியப்பன் கல்லுக்கு முன்னால முதல் ஆளாப் போய் நிக்கறதும் ஆயாதான்.

ஆகவே தலைமையாசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள். இந்த வருஷம் காலையில் செங்கம், மதியம் எடுத்தனூர், சாயங்காலம் திருவண்ணாமலை போகலாம். ஒரே நாளில் மலைக்குத் திரும்பிடலாம், வேன் வாடகையும் குறையும். வெளியாள் வழிகாட்டி வேண்டாம். ஒவ்வோர் இடத்துக்கும் நம்ம வகுப்பிலேயே ரெண்டு பேர் முன்னாடியே படிச்சுட்டு வந்து விளக்கம் சொல்லணும். எடுத்தனூர் கல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். செங்கத்துக்கு ரெண்டு பேர், திருவண்ணாமலைக்கு ரெண்டு பேர் வேணும். விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலில் பெயர் எழுதுங்கள். ஏலகிரிக்காரர்களும் மறுப்பு இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி