வெள்ளைக் காலணியும் வெளிநாட்டு இலாகாவும்

கருப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை, கண்ணாடிபோல் பளபளக்கும் பூட்சு! அமைச்சராக வருபவருக்கு இவைதான் இலட்சணம் என்று ஐரோப்பாவிலே எழுதாத சட்டம் ஒன்று இருந்து வந்தது. 1985 டிசம்பர் 12-ஆம் நாள் அந்தச் சட்டத்தை ஒருவர் தம் காலாலேயே உடைத்தார். மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில், சுற்றுச்சூழல் அமைச்சராக உறுதிமொழி எடுத்துக்கொள்ள அவர் வந்து நின்றது விளையாட்டுத் திடலுக்குப் போகிறவர் போடும் வெள்ளைக் காலணியோடு! சீமான்கள் முகம் சுளித்தனர். வாலிபர்கள் கை தட்டினர். அந்தக் காலணி பிற்காலத்தில் ஆஃபன்பாக் நகரத்துத் தோல் அருங்காட்சியகத்தில் பெட்டிக்குள் ஏறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்தான் யோஷ்கா ஃபிஷர். ஜெர்மனியில் எந்த மாநிலத்திலும் பசுமைக் கட்சியின் சார்பில் அமைச்சரான முதல் மனிதர்.

யார் இவர்? சீமான் வீட்டுச் செல்வனா? சட்டம் படித்த மேதையா? இல்லை, தோழர்களே! ஹங்கேரியிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஜெர்மானியக் குடும்பத்தில், 1948-ல், கசாப்புத் தொழில் செய்தவருக்கு மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியிலே நின்றது. புகைப்படக்காரரிடம் தொழில் பழகப் போனார். அதுவும் பாதியிலே நின்றது. ஃபிராங்ஃபர்ட் நகரின் மாணவர் கிளர்ச்சி அவரை இழுத்துக்கொண்டது. 1971-ல் ஓப்பல் மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காக அல்ல, தொழிலாளரைத் தட்டி எழுப்பிப் புரட்சிக்குத் திருப்புவதற்காக! தொழிலாளர் எழுந்தாரோ இல்லையோ, நிர்வாகம் எழுந்தது. சில மாதங்களில் ஆளை வெளியே அனுப்பியது. பட்டறையிலே பத்தாண்டு பாடுபட்ட நமது தோழர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். பிறகு அவர் உண்மையிலேயே வயிற்றுக்காக உழைத்தார். ஐந்தாண்டுக் காலம் டாக்சி ஓட்டினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 1973-ல் தெருச் சண்டையொன்றில் போலீஸ்காரர் ஒருவரை அடித்த கூட்டத்தில் அவரும் இருந்தார், அவரும் அடித்தார். அந்தப் படங்கள் 2001-ல் வெளிவந்தபோது, நான் இல்லை என்று சாதிக்கவில்லை. அடிபட்டவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

1980-ல் பிறந்தது பசுமைக் கட்சி. அணு உலை வேண்டாம், அமெரிக்க ஏவுகணை வேண்டாம், அமில மழையால் காடு சாவதைக் கண்ணால் பாருங்கள் என்று முழங்கியது. 1983 தேர்தலில் 5.6 சதவீத வாக்கு பெற்றுப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தபோது, பட்டுப்போன மரக்கிளையைக் கையிலே தூக்கிக்கொண்டு வந்தார்கள் அந்த உறுப்பினர்கள். அவர்கள் கட்சியின் விதி என்ன தெரியுமா? நாற்காலியில் எவரும் வேர் விடக் கூடாது! இரண்டாண்டு முடிந்ததும் எழுந்து, அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். ஃபிஷர் 1985-ல் எழுந்தார், இடம் விட்டார்.

அவையிலே அவர் நாவும் சும்மா இருந்ததில்லை. 1984-ல் அவைக்குத் தலைமை தாங்கியவரைப் பார்த்து, ‘தலைவர் அவர்களே, தங்கள் அனுமதியுடன்’ என்று மரியாதையாகத் தொடங்கி, நமது ஏட்டில் அச்சேற்ற முடியாத ஒரு வசையில் முடித்தார். இதை நாம் பாராட்டவில்லை. எதிரியைத் திணறடிக்க வாதம் இருக்கும்போது வசை எதற்கு?

சரி, அமைச்சரானாரே, என்ன ஆயிற்று? பதினான்கு மாதம்தான்! ஹனாவ் நகரிலே புளூட்டோனியத்தைக் கையாளும் தொழிற்சாலை ஒன்று. அதற்கு உரிமம் தரக் கூடாது என்றது பசுமைக் கட்சி. கூட்டாளியான சமூக ஜனநாயகக் கட்சியின் முதலமைச்சர் பெர்னர் இணங்கவில்லை. 1987 பிப்ரவரியில் ஃபிஷர் பதவி நீக்கப்பட்டார். பதவி போயிற்று, பேச்சு மாறவில்லை. அந்த நாளில் அவர் நமக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

கடுஞ்சோதனை பின்னால் காத்திருந்தது. 1998-ல் ஷ்ரோடர் தலைமையில் கூட்டாட்சி. டாக்சி ஓட்டியவர் வெளிநாட்டு அமைச்சர்! ஆண்டு திரும்புவதற்குள், 1999 மார்ச் 24-ல், கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது நேட்டோ விமானங்கள் குண்டு பொழியத் தொடங்கின. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் அனுமதி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் படை போரில் இறங்கியது அதுவே முதல் தடவை. இறக்கியவர்கள் யார்? ஏவுகணைக்கு எதிராகத் தெருவிலே படுத்த கட்சிக்காரர்கள்!

தொண்டன் கொதிக்காமல் இருப்பானா? மே 13-ல் பீலஃபெல்டு நகரில் சிறப்பு மாநாடு. மேடையிலிருந்த ஃபிஷரின் காதைத் தாக்கியது சிவப்புச் சாயம் நிரம்பிய ஒரு பை. செவிப்பறை கிழிந்தது. சாயம் வழிய எழுந்து பேசினார். இனிப் போர் வேண்டாம் என்பதும் என் கொள்கை, இனி ஆஷ்விட்ஸ் வேண்டாம் என்பதும் என் கொள்கை, இரண்டும் எனக்கு ஒன்றோடொன்று சேர்ந்தவை என்றார். வாக்கெடுப்பு நடந்தது: தலைமையின் பக்கம் 444, எதிர்ப்பக்கம் 318.

பதவிக்காகக் கொள்கையை விற்றார் என்று சொல்வோர் உண்டு. நாம் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டோம். 1995-ல், அமைச்சர் பதவி எதுவும் கையில் இல்லாதபோதே, ஸ்ரெப்ரெனிட்சாவில் ஆயிரக்கணக்கான ஆண்கள் படுகொலை செய்யப்பட்டதைக் கண்டு, கை கட்டிப் பார்த்திருக்கலாமா என்று சொந்தக் கட்சிக்கே கடிதம் எழுதிக் கேட்டவர் அவர். ஆனால், உலக மன்றத்தைத் தாண்டிச் சென்று குண்டு போட்டதை நியாயப்படுத்த அந்தக் கடிதம் போதுமா? போதாது என்பதே நமது கருத்து. இன்று ஒருவர் நல்லதற்குத் தாண்டினால், நாளை இன்னொருவர் கெட்டதற்குத் தாண்டுவார். ஒன்றை மட்டும் மெச்சுகிறோம்: முடிவைத் தொண்டன் மீது திணிக்காமல், தொண்டன் முன்னால் வந்து நின்று, அடியும் வாங்கி, வாக்கும் கேட்டார்.

2003-ல் ஈராக் போருக்கு அமெரிக்கா ஆள் சேர்த்தபோது, மியூனிக் மாநாட்டில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு எதிரே இருக்க, நீங்கள் சொல்வது எனக்கு நம்பிக்கை தரவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதும் அதே மனிதர்தான். ஜெர்மனி அந்தப் போருக்குப் படை அனுப்பவில்லை.

ஆட்சியால் கிடைத்த பலன் என்ன? 2000-ல் வந்த சட்டத்தின்படி, கூரையிலே சூரிய ஒளித் தகடு பதித்தவன் அதன் மின்சாரத்தை இருபதாண்டுக்கு உறுதியான விலையில் விற்கலாம். முதலாளி மட்டுமல்ல, குடியானவனும் மின்சாரம் விற்றான். அதே ஆண்டு, அணு உலைகளைப் படிப்படியாக மூட மின் நிறுவனங்களோடு உடன்பாடு. பின்னால் வந்த ஆட்சி 2010-ல் அதைத் தளர்த்தியது; 2011-ல் ஃபுகுஷிமா வெடித்ததும் திரும்பி ஓடி வந்தது. கடைசி மூன்று உலைகளும் 2023 ஏப்ரல் 15-ல் நின்றன.

இத்தனையும் சொன்ன பிறகு, உறுத்துகிற ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2006-ல் பாராளுமன்றத்தை விட்டுப் போனவர், 2009-ல் காஸ்பியன் பகுதி எரிவாயுவை ஐரோப்பாவுக்குக் கொண்டுவரும் நபுக்கோ குழாய்த் திட்டத்துக்கு ஆலோசகரானார். கூலி கொடுத்தவர்களில் ஒருவர் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனம். யார் அவர்கள்? ஹெஸ்ஸேயிலேயே, ஃபிஷர் அமைச்சராக இருந்த அதே மாநிலத்திலே, பிப்லிஸ் அணு உலைகளை நடத்தியவர்கள்! அந்தக் குழாயும் கடைசிவரை போடப்படவில்லை. 2013-ல் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள்.