சீட்டாட்டத்தில் ஜெயிப்பது யார்?

ஆறு பேர் சீட்டாட உட்காருகிறார்கள். ஆளுக்கு 500 ரூபாய். மொத்தம் 3,000 ரூபாய். பல நாள் இரவு கூடி ஆடுகிறார்கள். கடைசியில் எழுந்திருக்கும்போது ஆறு பேரிடமும் பணம் இல்லை!

திருடன் வரவில்லை. யாரும் மோசடி செய்யவில்லை. அப்படியானால் 3,000 ரூபாய் எங்கே போயிற்று?

செல்போனில் பணம் வைத்து ஆடும் 'போக்கர்' சீட்டாட்டத்தில் இது நடக்கக்கூடியதுதான். இந்த ஆட்டத்தில் கம்பெனி சீட்டைக் கையில் எடுப்பதில்லை. ஆடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். கம்பெனி மேசை போட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆட்டக்காரர்கள் இதை 'ரேக்' என்பார்கள். கமிஷன் என்றால் எல்லோருக்கும் புரியும்.

சிறிய மேசைகளில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 5 ரூபாயை ஒட்டி இருக்கும். ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் ஒரு தடவையோடு முடிகிற ஐந்து அல்ல அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

செல்போன் மேசையில் சீட்டைக் கலைக்க நேரம் ஆவதில்லை. மணிக்கு 70 ஆட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 20 ஆட்டம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அவற்றுக்குப் பொதுவாகக் கமிஷன் கிடையாது. மீதி 50 ஆட்டம். ஒவ்வொன்றிலும் நடுவில் சராசரியாக 60 ரூபாய் சேர்கிறது. 5 சதவிகிதம் என்றால் 3 ரூபாய். ஜெயித்தவர் கைக்கு 57 ரூபாய் வருகிறது. வந்த 57-ஐப் பார்த்து மகிழ்கிறாரே தவிர, போன 3-ஐ அவர் நினைப்பதே இல்லை.

50 ஆட்டத்துக்கு 150 ரூபாய். ஒரு மணி நேரத்தில் கம்பெனிக்கு 150! இருபது மணி நேரத்தில் 3,000. (பணம் குறையக் குறையப் பந்தயமும் சிறுத்துவிடும். ஆகவே பணம் கரைய இன்னும் அதிக நேரம் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.)

உண்மையான மேசையில் இது கண்ணுக்குத் தெரியாது. தோற்றவர் எழுந்து போகிறார். புதியவர் பணத்தோடு வந்து உட்காருகிறார். மேசை எப்போதும் நிறைந்தே இருக்கிறது.

கெட்டிக்காரரும் தோற்கிறார்

150 ரூபாயை ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மணிக்கு 25 ரூபாய். ஒருவர் கெட்டிக்காரர், மற்றவர்களிடமிருந்து மணிக்கு 18 ரூபாய் ஜெயிக்கக் கூடியவர். அவர் கதி என்ன? 25 போக, மணிக்கு 7 ரூபாய் நஷ்டம்! ஆட்டத்தில் ஜெயித்தும் கணக்கில் தோற்றவர் அவர். சீட்டு சரியில்லை, நேரம் சரியில்லை என்று அவர் நொந்துகொண்டிருப்பார்.

ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றால் ஆறு பேருக்குமே நஷ்டம்தான்.

தினம் 2 மணி நேரம், மாதம் 25 நாள் ஆடினால் ஒருவர் பங்குக்குப் போகும் கமிஷன் 1,250 ரூபாய். நாளுக்கு ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டில் மாதப் பால் கணக்கு ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரே சமயத்தில் இரண்டு மேசையில் ஆடுகிறவருக்கு இது இரட்டிப்பாகும்.

பெரிய பணக்காரர்களின் மேசையில் கதை வேறு. ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவுக்கு மேல் கமிஷன் எடுப்பதில்லை என்று உச்ச வரம்பு வைப்பது வழக்கம். அங்கே நடுவில் 60,000 ரூபாய் சேர்ந்து, வரம்பு 300 ரூபாய் என்றால், போவது அரை சதவிகிதமே. சிறிய மேசையில் பணம் அந்த வரம்பை எட்டுவதே அபூர்வம். ஆகவே முழு 5 சதவிகிதமும் போகிறது. ஏழைக்குப் பத்து மடங்கு விகிதம்!

இதோடு வரியும் சேர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நிகர வெற்றிப் பணத்தில் 30 சதவிகிதம் வருமான வரி பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், ஆடுவதற்காகக் கட்டும் பணத்துக்கே 28 சதவிகித ஜி.எஸ்.டி. வந்தது. அதை ஈடுகட்டுகிறோம் என்று பல கம்பெனிகள் போனஸ் கொடுத்தன. அந்தப் போனஸும் கமிஷன் வருமானத்திலிருந்து வந்ததுதானே?

கோர்ட்டில் நடந்த வாதம்

தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்த தடைச் சட்டம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2023 நவம்பர் 9-ந்தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்தது செல்லாது என்றது ஐகோர்ட்டு. திறமையா, அதிர்ஷ்டமா என்பதே பெரிய வாதமாக இருந்தது. திறமைசாலிக்குக் கடைசியில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி பின்னால் தங்கிவிட்டது.

பழைய வழக்கு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. செகந்திராபாத்தில் கிளப் ஒன்றில் நடந்த ரம்மி பற்றி 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று அதில் கூறியதைப் பிற்காலத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டினார்கள். கிளப் தன் வசதிகளுக்காகச் சிறு கட்டணம் வாங்குவது குற்றமல்ல. ஆனால் பந்தய ஆட்டத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் அடித்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தப் பாதியை எடுத்துக்காட்டியவர்கள் குறைவு.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் கூடாது என்கிறது அந்தச் சட்டம். உடனே இந்தியக் கம்பெனிகள் பண மேசைகளை மூடின.

வெளிநாட்டிலிருந்து நடக்கும் மேசைகள் இன்னும் ஆள் பிடிக்கின்றன. அங்கேயும் கமிஷன் உண்டு. வந்து சேர்ந்தால் இவ்வளவு போனஸ் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வருகிறது. கமிஷன் எவ்வளவு என்பது மட்டும் விதிகளுக்கு நடுவே, சிறிய எழுத்தில் இருக்கும்.