கூட்டுக்குக் கீழே நிற்காதீர்கள்!

வால்பாறைக்குச் சுற்றுலா போகிற பலர் இப்போது கேமராவும் கையுமாகத்தான் கிளம்புகிறார்கள். அவர்கள் முதலில் தேடுவது இருவாச்சியை. மஞ்சள் அலகு, அதன்மேல் ஒரு கொண்டை, பறந்தால் நீராவி ரயில் போகிற மாதிரி இறக்கைச் சத்தம். படம் எடுக்க யாருக்குத்தான் ஆசை வராது?

போவதற்கு முன் அதன் குடும்பக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி ஓங்கி வளர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொண்டு, எச்சத்தையும் பழச் சக்கையையும் பூசி வாசலை அடைத்துவிடும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம். உள்ளே போனதும் அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும், பறக்கவும் முடியாது. மாதக்கணக்கில் அந்தக் கீற்று வழியாகத்தான் சாப்பாடு. ஆண் பறவை அத்திப் பழங்களைத் தொண்டைக்குள் சேர்த்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டும். குஞ்சு பொரித்த பிறகு அதற்கும் சேர்த்து ஊட்ட வேண்டும்.

அந்த மரத்தடியில் நாம் நான்கு பேர் கேமராவோடு நின்றால் அப்பா பறவை பக்கத்தில் வரத் தயங்கும். 'வந்ததும் ஒரு க்ளிக், உடனே போய்விடலாம்' என்று நாம் காத்திருப்போம். நாம் போகட்டும் என்று அது காத்திருக்கும். உள்ளே தாயும் பிள்ளையும் பட்டினி.

"எதையுமே தொடவில்லையே" என்பீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. கூடு தெளிவாகத் தெரியட்டும் என்று கிளையை விலக்கிக் கட்டுவது இன்னும் மோசம். காக்கைக்கும் பாம்புக்கும் நாமே வழிகாட்டியது போலாகும்.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா? தாராளமாக எடுக்கலாம். கூட்டை விட்டுவிட்டு, பழுத்த அத்தி மரத்தைத் தேடுங்கள். சாலையோரமாக இருந்தால் காருக்குள் உட்கார்ந்தபடியே, 400 எம்.எம். லென்ஸ் போட்டுக் காத்திருங்கள். இருவாச்சி மட்டுமல்ல, குக்குறுவானும் மலை அணிலும்கூட அதே பந்திக்கு வரும். ஃபிளாஷ் வேண்டாம். செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம்.

பூக்களுக்கும் இது பொருந்தும். மூணாறு மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். ஒரு செடி வாழ்நாளில் பூப்பது ஒரே முறை. விதை உதிர்த்ததும் பட்டுப்போகும். செல்ஃபிக்காகப் புதருக்குள் இறங்கி மிதித்தால், அந்த விதைக்கு இன்னொரு வாய்ப்பில்லை. பாதையிலேயே நின்று எடுங்கள்.

முக்கியமாக இன்னொன்று. அரிய ஆர்க்கிட் செடியையோ கூட்டையோ பார்த்தால், படத்தைப் பகிரும்முன் செல்போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்று போட்டால் போதும். செடியைப் பிடுங்கிப் போகிறவர்களும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வருகிற விடுமுறையில் குழந்தைகள் கையிலும் ஒரு கேமராவைக் கொடுங்கள். கூடவே இருவாச்சி அப்பாவின் கதையையும் சொல்லுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று பிறகு அவர்களே நமக்குச் சொல்வார்கள்.